சப்பாத்தியைப் பாதியில் வைத்தது ஏன்

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது மருமகள் சுட்டுப் போட்ட சப்பாத்தியை ஒன்றரையோடு வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன் அல்லவா? அது அவள் மனதில் தைத்திருக்கிறது என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். கோபமும் இல்லை, சமையலில் குறையும் இல்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாகவே இப்படித்தான். சோறானாலும் தண்ணீரானாலும் நெஞ்சுக்குழியில் வந்து நிற்கும். நின்றுகொண்டே ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, அந்தக் கனத்தில் தள்ளுவேன். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வரும். வயிற்றுக்கே போகாததால் புளிப்புகூட இருக்காது. இருமி இருமி எழுந்து உட்காருவேன். இங்கே ஒரு டாக்டர் அல்சர் என்று ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார். எண்டோஸ்கோப்பியிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பதினோரு கிலோ குறைந்ததும், சர்க்கரைதான் என்று ஊரார் முடிவுகட்டிவிட்டார்கள்.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த படத்தில்தான் பிடிபட்டது. உணவுக்குழாய் மேலே வீங்கி, கீழே பறவை அலகு மாதிரி கூம்பியிருந்தது. அப்புறம் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்து அழுத்தம் பார்த்தார்கள். மேனோமெட்ரி என்று பெயர். கண்ணில் நீர் கொட்டியது, சொல்லக் கூச்சமில்லை.

அகலேசியாவாம். குழாய்த் தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால், உணவை அலை அலையாகத் தள்ளும் அசைவு நின்றுவிடுகிறது. இரைப்பை வாசலில் இருக்கும் தசை வளையமும் விரிய மாட்டேன் என்கிறது. வருஷத்துக்கு லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். லாட்டரியில் பத்து ரூபாய்கூட விழாத எனக்கு! 1674லேயே தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து டாக்டர், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சு கட்டி உள்ளே தள்ளி ஒரு நோயாளியைச் சாப்பிடவைத்தாராம். அதைக் கேட்டதும் என் மேனோமெட்ரி ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அழிந்த நரம்பு திரும்பாது, வாசலை வேண்டுமானால் திறந்துவிடலாம் என்றார்கள். பலூன் வைத்து விரிக்கலாம், அல்லது தசையை வெட்டிவிடலாம். 2008ல் ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் தொடங்கிய ‘போயம்’ முறையில், வாய் வழியாகவே போய் வெட்டுகிறார்கள். போன மாதம் அதைச் செய்தாயிற்று. நெஞ்செரிச்சல் வரலாம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே, நான்தான் அவள் வாயைக் கட்டினேன்.

இப்போதைக்குக் குழைந்த சாதமும் ரசமும். சித்திரைக்கு வாருங்கள். சப்பாத்திக்குக் குருமாவும் வேண்டும் என்று அவளிடம் சொல். எல்லோரும் கை கழுவிய பிறகும் நான் மென்றுகொண்டுதான் இருப்பேன், இலையை எடுத்துவிடாதீர்கள்.

அப்பா