கோயில்காட்டுத் திருப்பணி நிறைவு: தலைக்கட்டுக் குடும்பங்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம்.

நம் அய்யனார் கோயில் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் மண்டல பூஜையும் நல்லபடியாக நிறைவேறிவிட்டன. விமானச் சுதை வேலை, மண்டபத்து ஒழுகல், குதிரைகளுக்கு வர்ணம், மடப்பள்ளிக்குப் புது ஓடு எல்லாம் நேரில் பார்த்திருப்பீர்கள். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்களுக்குத் தபாலில் வரும். ஆனால் கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்களில் பலர் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை. “இவ்வளவு வரி வசூல் பண்ணியும் ஏன் மதில் கட்டவில்லை? கோயில் வாசல் வரை ஏன் ரோடு போடவில்லை? ஹைமாஸ் லைட் எங்கே?” என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை.

முதலில் வரைந்த பிளானில் இந்த மூன்றும் இருந்தன. கோயில்காட்டின் நடுவே நேர்கோட்டில் சிமெண்ட் ரோடு, சுற்றிலும் மதில், வாசலில் உயர விளக்கு, வடபுறம் மரங்களை எடுத்துவிட்டுக் கல்யாண மண்டபமும் வண்டி நிறுத்த இடமும். அந்த பிளான்படி வேலை நடந்திருந்தால் காட்டில் பாதி போயிருக்கும். போவது வெறும் மரம் மட்டும் இல்லை. இந்தக் காட்டில், ராத்திரியில் மரத்துக்கு மரம் போய் இரை தேடும் சின்ன உயிரான தேவாங்கு இருக்கிறது.

தமிழக அரசு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். நம் கோயில் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் தேவாங்கு மலைக்காட்டில் மட்டும் இருப்பதில்லை. உசில், வேல மரங்களிலும், மானாவாரி நிலத்துக் கிளுவை வேலிகளிலும், நம்மைப் போன்ற கோயில்காடுகளிலும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் வனத்துறை பார்த்துக்கொள்ளும். இங்கே நாம்தான் பார்க்க வேண்டும்.

தேவாங்குக்காக பிளானை மாற்றுவது கமிட்டியில் சிலருக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. தேவாங்கைப் பார்த்தால் ஆகாது என்ற பேச்சு நம் பக்கம் உண்டு. மருந்துக்கென்றும் மாந்திரீகத்துக்கென்றும் அதைப் பிடித்து விற்ற காலமும் உண்டு. இன்று அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் உயிர். அதைப் பிடிப்பது சிறைக்குப் போகிற குற்றம். அதோடு, அதன் முக்கிய உணவு பூச்சிகள். நிலக்கடலைக் காட்டிலும் சோளக் காட்டிலும் நாம் காசு கொடுத்து மருந்தடித்துக் கொல்கிற பூச்சிகளையும் அது ராத்திரியில் சும்மாவே பிடித்துத் தின்கிறது.

ரோடு விஷயத்தில் மனம் மாறியது ஒரு ராத்திரியில். டார்ச்சின் முனையில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் பழைய வண்டிப்பாதையில் நின்றோம். ஒரு உசில் மரத்தில் இரண்டு கண்கள் தணல் போலத் தெரிந்தன. உடம்பு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்; கை கால் மட்டும் குச்சி மாதிரி நீளம். கிளை நுனி வரை மெதுவாக வந்து, பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் காற்றில் நீட்டி எதிர்க் கிளையைத் துழாவியது. எட்டவில்லை. திரும்பிப் போய் வேறு கிளையில் வந்து மறுபடியும் துழாவியது. தேவாங்குக்குக் குரங்கு போலத் தாவத் தெரியாது. கிளைக்குக் கிளை கை எட்டினால்தான் போகும். எட்டாவிட்டால் தரையில் இறங்கும். தரையில் அதன் நடை மெத்தனம். நாயும் வண்டியும் அங்கேதான் அதை முடித்துவிடுகின்றன. அப்படியென்றால் இரண்டு மரங்களுக்கு நடுவே நாம் போடுகிற ரோடு அதற்கு என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே புது ரோடு போடவில்லை. பழைய வண்டிப்பாதையையே கிராவல் அடித்துச் சீராக்கினோம். மேலே கிளைகள் கூடும் இடங்களில் ஒரு கொப்பைக்கூட வெட்டவில்லை. கிளை எட்டாத இரண்டு இடங்களில் மூங்கிலும் தேங்காய் நார்க் கயிறும் சேர்த்துக் குறுக்கே கட்டியிருக்கிறோம். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காக ரோட்டின் மேல் இப்படிப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஜாவாவில் தோட்டத்து நீர்க்குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிவிட்டதில் அந்த ஊர்த் தேவாங்குகள் அதன் மேல் நடந்து போகின்றன. பக்கத்தில் நட்ட உசிலும் வேம்பும் வளர்ந்து கிளை கூடும்வரை நம் பாலம் இருக்கும்.

வண்டிகள் தார்ரோட்டு ஓரம், பழைய களத்திலேயே நிற்கும். நடக்க முடியாத பெரியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் மட்டும் ஆட்டோவில் உள்ளே விடுகிறோம். கல்யாண மண்டபமும் அந்தக் களத்தில்தான் வரும், எப்போது கட்டினாலும். இது பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவானது, மினிட் புத்தகத்தில் இருக்கிறது. வருகிற கமிட்டிகளும் இதை மாற்றாமல் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மதிலுக்குப் பதில் கிளுவை வேலி. ஆடு மாடு நுழையும் என்று பயந்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இடைவெளி விழுந்த இடமெல்லாம் ஐப்பசி மழைக்கு முன் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டு நெருக்கியிருக்கிறோம். தாத்தா காலத்தில் இந்தக் காட்டைக் காத்தது இந்த வேலிதான். தேவாங்குக்கு அதுவே பாதை. சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுத்தோம். அதையும் ஒரே மூச்சில் எடுக்காமல், பக்கத்தில் நாட்டு மரம் தழைத்த பிறகே பகுதி பகுதியாக எடுத்தோம்.

விளக்கு விஷயத்தில் இளைஞர்களுக்கு வருத்தம் இருக்கிறது, தெரியும். உயர விளக்கு போட்டால் சுற்று வட்டாரப் பூச்சியெல்லாம் அதில் வந்து விழுந்து சாகும். காடு இருட்டாக இருந்தால்தான் இரவு உயிர்கள் வெளியே வந்து இரை தேடும். அதனால் இடுப்பு உயரத்தில், மேலே மூடி போட்ட மஞ்சள் விளக்குகள், நடை சாத்தியதும் அணையும்படி. மாசித் திருவிழா மூன்று ராத்திரிக்கு வழக்கம்போல் சீரியல் செட் உண்டு, கோயில் முன் திடலில் மட்டும். வாண வேடிக்கையைத் தார்ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றியாயிற்று.

அன்னதான மிச்சத்தை இனிமேல் வெளியே கொட்டக் கூடாது. மடப்பள்ளிக்குப் பின்னால் மூடி போட்ட உரக்குழி வெட்டியிருக்கிறது. மிச்சம் கிடந்தால் தெருநாய் சேரும், நாய் சேர்ந்தால் ராத்திரியில் காட்டுக்குள் போகும். பந்தி வாழையிலையில்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து மாநிலத்தில் தடை இருக்கிறது. பொங்கல் வைக்க வருகிறவர்கள் பிளாஸ்டிக் கப் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம், சண்டை வேண்டாம்.

பாக்கி இருப்பது ஒரு வேலை. காட்டின் தென்கோடியில் மின்கம்பி உறையில்லாமல் மொட்டையாகப் போகிறது; கிளையிலிருந்து அதைப் பிடிக்கும் தேவாங்குக்கு அது ஆபத்து. உறை போட்ட கம்பி மாற்றித் தரச் சொல்லி மின்வாரியத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதற்குக் கட்ட வேண்டிய தொகை தெரிந்ததும் மீதிப் பணத்திலிருந்து கட்டுவோம், தனி வரி கிடையாது. புதுப் போத்துகளுக்கும் கன்றுகளுக்கும் கோடை முடியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். தலைக்கட்டு வரிசைப்படி முறை எழுதி மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது. உங்கள் முறையில் வர முடியாவிட்டால் முன்கூட்டியே பூசாரியிடம் சொல்லிவிடுங்கள், வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்