வெல்டிங் இடத்தில் மட்டும் துரு ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர வீடுகளில் எவர்சில்வர் கைப்பிடி வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் பழுப்பேறினால் பைப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்; பாலிஷ் போட்ட வேகத்தையும் பாருங்கள். உலோகம் தேய்க்கும் நான்கு அங்குல சாதாரண கை கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். அதில் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய தேய்ப்பு வட்டு) அழுத்தினால் உலோகம் சூடேறி முதலில் வைக்கோல் நிறமும் பிறகு நீலமும் காட்டும். நீலம் பாய்ந்த இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியப் படலம் கெட்டிருக்கும்.

வேகம் மாற்றும் கருவியில் 3,000 சுற்றுக்கு இறக்கி, உப்புத்தாள் எண் 80, 120, 240 என (எண் கூடக் கூட நைசு) ஒவ்வொன்றையும் முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். 80-இன் கீறல் ஒன்று மிஞ்சினாலும் துணிச் சக்கரம் அதைப் பளபளப்பாக்கிக் காட்டுமே தவிர அழிக்காது. இரும்பில் ஓட்டிய டிஸ்க்கை எவர்சில்வரில் வைக்கவே கூடாது. ஒட்டிய இரும்புத் துகள் மறுமழைக்கே துருவாகும்.

– வாசகர், தூத்துக்குடி