"எப்ப விக்கும், எதில காசு வரும்?" – அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 31 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். நாட்டுக் கணக்கைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

எங்கள் முதலாளியிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடனுக்குச் சரக்கெடுக்க யார் யோசனை சொன்னாலும் சிட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் "எப்ப விக்கும், எதில காசு வரும்?" என்று எழுதுவார். அதற்குப் பதில் எழுதாத சிட்டை என் மேசைக்கு வராது. டொலரில் வாங்கி ரூபாயில் விற்கிற சரக்கென்றால் இன்னும் இரண்டு நாள் யோசிப்பார். மனிதர் எட்டாம் வகுப்புத்தான்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தபோது எனக்கு அந்தச் சிட்டைதான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. சீனன் கடன்பொறி வைத்து நாட்டைப் பிடித்துவிட்டான் என்பது ஒன்று. சீனன் இல்லாவிட்டால் றோட்டும் இல்லை, கரண்டும் இல்லை என்பது மற்றது. இரண்டிலும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள். கையெழுத்துப் போட்டவர்கள் யாரையும் காணோம்.

அரச கூட்டுத்தாபனங்களின் கடனையும் சேர்த்துப் பார்த்தாலும் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான். அதைவிடப் பெரிய பங்கு சர்வதேசப் பிணைமுறிகளுக்கு, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசு டொலரில் விற்ற கடன் பத்திரங்களுக்கு. 2007இல் முதல் முறையாக 500 மில்லியன் டொலர், வட்டி 8.25 வீதம். கடனை நிறுத்தும்போது அது 12 பில்லியனைத் தாண்டியிருந்தது. ஒரு பிணைமுறி முதிர, அதைக் கட்ட இன்னொன்று. பிணைமுறிக்குக் கோபுரம் கிடையாது, அதனால் அதைத் திட்டவும் ஆள் இல்லை.

தாமரைக் கோபுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 350 மீற்றர் உயரம், நூறு மில்லியன் டொலருக்கு மேல் செலவு, பெரும்பகுதி சீனக் கடன். பேர வாவிப் பக்கம் போனால் பார்க்காமல் இருக்க முடியாது. 2019இல் திறந்தார்கள், மக்கள் ஏறிப் பார்த்தது 2022 செப்டெம்பரில். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனேன், காட்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிக்கெட் காசு ரூபாயில் வருகிறது, கடன் டொலரில் போகிறது. முதலாளி அந்தச் சிட்டையைக் கிழித்திருப்பார்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டோம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 2017இல் 99 வருடக் குத்தகைக்கு வந்த 1.12 பில்லியன் டொலர், நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பைத் தூக்கி நிறுத்தப் போனது. துறைமுகம் கட்ட எடுத்த கடன் அப்படியே திறைசேரியின் தலையில்தான் இருந்தது. வீட்டை வாடகைக்கு விட்டு முற்பணத்தை வாங்கி வேறு அவசரத்துக்குச் செலவழித்துவிட்டு, வீட்டுக் கடனைத் தொடர்ந்து கட்டுவது போல.

சீனாவோடு எங்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்றும் இல்லை. 1952இல் றப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டோம். வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி. றப்பருக்கு உலகச் சந்தையைவிடக் கூடின விலையும் கிடைத்தது. அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை, இருந்தும் போட்டோம். அப்போது ஆட்சியில் இருந்தது இடதுசாரிகளும் இல்லை. கொடுப்பது என்ன, வாங்குவது என்ன என்று தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்குக்கூட விளங்கிய ஒப்பந்தம் அது.

இப்போது சீனா எங்கள் கடைக்குள்ளேயே நிற்கிறது. ஒரு காலம் எங்கள் தெரு முதலாளிமார் சீனாவின் யிவூ நகரத்துக்குப் போய்ச் சரக்குப் பார்த்துக் கொன்டெய்னர் இறக்கினார்கள். இன்று வாடிக்கையாளரின் மகன் கையிலிருக்கும் போனில் நேரே அங்கிருந்தே எடுக்கிறான். அதை நான் குறை சொல்லவில்லை, மலிவாகக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள். கொழும்புத் துறைமுகத்திலோ தெற்கு முனையம் சீனக் கம்பனிக்கு 85 வீதம், 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் இந்தியாவின் அதானிக்கு 51 வீதம். இரண்டிலும் எங்கள் துறைமுக அதிகார சபைக்கு 15. பெரியவர்கள் இருவர் போட்டி போடும்போது நடுவில் இருப்பவனுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். கிடைத்ததா என்று கேட்கிற இடம் உங்கள் குழு.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் 8 வீதம் நான் போட்டது, 12 வீதம் முதலாளி போட்டது. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கிறோம் என்று வங்கிகளுக்கு விசேட விடுமுறை கொடுத்து, ஜூலை முதலாம் திகதி சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி வாக்கெடுத்தீர்கள். நிதியத்திடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசு ரூபாயில் கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை, நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டும். முதலில் 12 வீத வட்டி, பிறகு முதிரும்வரை 9. மாற்றாவிட்டால் அந்த முறிகளின் வருமானத்துக்கு நிதியம் கட்டும் 14 வீத வரி 30 ஆகும். இதைத் "தெரிவு" என்றார்கள்! அதற்கு முந்தைய செப்டெம்பரில்தான் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வங்கிகளைத் தொட்டால் முறிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். அந்த நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் முறியாது என்று எங்களைப் பற்றி யார் கணக்குப் பார்த்தது? தையல் தொழிற்சாலைப் பிள்ளைகளிடம், கடைச் சிப்பந்திகளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்களில் பலர் திறைசேரி முறி என்ற சொல்லையே அந்த வாரம்தான் கேள்விப்பட்டார்கள்.

வெளிநாட்டுப் பிணைமுறிக்காரருக்கு அந்த அவசரம் காட்டப்படவில்லை. 2024 டிசம்பர் வரை பேசினார்கள். அவர்களுக்குக் கொடுத்த புதிய முறிகளில் ஒரு வகை, 2025 முதல் 2027 வரை எங்கள் பொருளாதாரம் டொலர் கணக்கில் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் நாங்கள் கட்ட வேண்டிய தொகையும் ஏறும்படி எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் நன்றாக இருந்தால் அவர்களுக்குப் பங்கு. சேமலாப நிதிக்கு அப்படி ஒரு நிபந்தனை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இனி நான் கேட்பது. கொழும்பில் கடலை நிரப்பிச் சீனக் கம்பனி உருவாக்கிய துறைமுக நகரத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் 40 வருடம் வரை வரிவிலக்கு கொடுக்க இடம் வைத்தது. நான் சவர்க்காரம் வாங்கினால் 18 வீத வற் வரி கட்டுகிறேன். 2025 ஜனவரியில் சீன எண்ணெய்க் கம்பனியான சினொபெக் நிறுவனத்தோடு அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உடன்பாடு வந்தது. அது கடன் இல்லை, முதலீடு, நல்லது. ஆனால் என்ன வரிச்சலுகை, எத்தனை வருடத்துக்கு, உற்பத்தியில் எவ்வளவு ஏற்றுமதி, அரசு எதற்காவது பிணை நிற்கிறதா? சீனாவாக இருந்தாலும் இந்தியாவாக இருந்தாலும், இனி வரும் ஒவ்வொரு கடனுக்கும் சலுகைக்கும் கையெழுத்துக்கு முன்பே இந்தப் பதில்களை இரண்டு பக்கத்தில் எழுதி வெளியிடச் சொல்லுங்கள். முதல் வரியில் எங்கள் முதலாளியின் கேள்வி இருக்கட்டும்.

உங்கள் குழு அதை எடுத்துப் பேசுவதற்கு இரண்டு வாரம் முன்பாகவாவது மூன்று மொழியிலும் கிடைக்க வேண்டும். தமிழ்ப் பிரதி எப்போதும் பிந்தித்தான் வரும் என்பது தெரியும், இதுவாவது மற்ற இரண்டோடும் ஒன்றாக வரட்டும். வாசித்துக் குறிப்பெழுதி அனுப்ப எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.