கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற வாரம் எங்கள் ஊர் மருந்துக்கடை ஒன்றில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி என்றார். கடைக்காரர் சீட்டுக் கேட்கவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தான செபிக்ஸிம் அட்டையை எடுத்தார், கத்தரிக்கோலால் நான்கு மாத்திரைகளை வெட்டினார், காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். ரசீது கிடையாது. மருந்தின் பெயரும் எச்சரிக்கை வாசகமும் கடையில் மிஞ்சிய பாதியோடு நின்றுவிட்டன. வெட்டிய துண்டின் ஓரத்தில் சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. இதை மக்களுக்கு விளக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் ஓர் இயக்கமே நடத்தியது. அந்த அம்மாவிடம் கேட்டேன். அழகுக்குப் போட்ட கோடு என்றுதான் நினைத்திருந்தாராம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஆனால் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. பையனின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களைத்தான் போய்த் தாக்கும். சாகிறவை செத்தபின் தாங்கிக்கொண்டவை பெருகும். தாங்கும் வித்தையை வேறு இனக் கிருமிகளுக்கும் கடத்திவிடும்.

இதன் விளைவை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அக்கா சர்க்கரை நோயாளி. நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் கடையில் மாத்திரை வாங்கி, எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவார். தம்பி நான் சொல்லியும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு குளிர்காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. பதினாறு மருந்துகளின் பெயர்கள். பன்னிரண்டுக்கு நேரே 'ஆர்' என்ற எழுத்து. கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று அர்த்தம். எத்தனையோ பேருக்கு நான் எண்ணிக் கொடுத்த மாத்திரைகள் என் அக்காவுக்கு உதவவில்லை. பத்து நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். எல்லோரும் மீள்வதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்த 2012-இல் மருத்துவ அமைப்புகள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதே நம் தலைநகரில்தான். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் தனிக் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. செபிக்ஸிமும் அதில் உண்டு. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது யார்? கொள்முதல் ரசீதுகளையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். ஐம்பது அட்டை வாங்கியவர் எத்தனைக்குக் கணக்கு எழுதியிருக்கிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கேரளத்தில் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தினார்கள். நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அப்படி இறங்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

சீட்டு இல்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர் ஒருவரும் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் திருப்பி அனுப்பும் ஆட்கள் நேரே எதிர்க்கடைக்குத்தான் போகிறார்கள். சோதனை வந்தால் முதலில் நிம்மதி அடைபவர் அவராகத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
விருத்தாசலம்.