கால்டெகாட்டுக்கு முதல் போட்ட அச்சுக்காரர்

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வரைய, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ராண்டால்ஃப் கால்டெகாட்டின் படங்களிலிருந்து கற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. ஆனால் அட்டையில் உள்ள ரூட்லெட்ஜ் என்ற பதிப்பகத்தின் பெயரோடு நின்றுவிடாதே. தாள், மரக்கட்டை, கூலி என்று அந்தப் புத்தகங்களுக்குச் செலவழித்து நட்டத்துக்கும் துணிந்தவர் அச்சுக்காரர் எட்மண்ட் எவன்ஸ். ரூட்லெட்ஜ் அவருக்காக வெளியிட்டது, அவ்வளவுதான்.

எவன்ஸ் 1826இல் லண்டனில் பிறந்து, மரச்செதுக்குத் தொழில் பழகி, ஃப்ளீட் தெருவை ஒட்டிய ராக்கெட் கோர்ட்டில் அச்சகம் நடத்தியவர். ரயில் பயணிகள் வாங்கும் மலிவு நாவல்களுக்கு அட்டை அச்சிட்டபோது, வெள்ளைத் தாள் சீக்கிரம் அழுக்காகிறது என்று மஞ்சள் தாளுக்கு மாறினார். இரண்டு மூன்று மைகளை வைத்துக்கொண்டு நிறைய வண்ணம் காட்டும் கை அந்த வேலையில்தான் பழகியது.

கால்டெகாட் படம் அச்சேறிய விதத்தைக் கவனி. முதலில் கோட்டுப்படத்துக்கான கட்டை. பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். அந்த மரம் பருக்காது. பெரிய படம் என்றால் துண்டுகளை இணைத்துத்தான் கட்டை செய்ய வேண்டும். அதில் எடுத்த மாதிரிப்படியில் கால்டெகாட் வண்ணம் தீட்டித் தருவார். அதைப் பார்த்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கட்டை. அடர்பழுப்புக் கோடு, முகத்துக்கும் கைக்கும் தோல் நிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல்: மொத்தம் 6. பச்சைக்குத் தனிக் கட்டை வேண்டாம், மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் போதும். வெளிர் நிறம் வேண்டிய இடத்தில் மையை நீர்க்கவிடாமல், கட்டையில் மெல்லிய கோடுகளை நெருக்கமாக வெட்டினார்கள்.

ஒரே தாள் ஆறு முறை அச்சேற வேண்டும். இடையில் தாள் ஈரம் வாங்கி நீண்டாலோ கட்டை நகர்ந்தாலோ ரெஜிஸ்டர், அதாவது ஒரு வண்ணம் மற்றதோடு சரியாகப் பொருந்தி விழுவது, தவறும். சிவப்பு உதட்டை விட்டுக் கன்னத்துக்குப் போய்விடும்.

இனி பணக்கணக்கு. இதை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எவன்ஸ் அச்சிட்ட இன்னோர் ஓவியரான வால்டர் கிரேன் தம் ஆறு பென்ஸ் புத்தகப் படங்களை மொத்தத் தொகைக்கு விற்றுவிட்டார். எத்தனை பதிப்பு போனாலும் மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. 1878இல் கால்டெகாட்டோடு எவன்ஸ் செய்த ஏற்பாடு வேறு: புத்தகம் ஒரு ஷில்லிங், விற்கும் பிரதிக்கு ஒரு பென்னி. அதாவது விலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. விற்காவிட்டால் ஓவியருக்கு ஒன்றுமில்லை. முதல் அச்சே 10,000 பிரதி. கட்டை வெட்டும் செலவு நூறு பிரதிக்கும் பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான் என்பதால், பெரிய எண்ணிக்கை இல்லாமல் ஒரு ஷில்லிங் விலை கட்டுப்படியாகாது.

மறு ஆண்டு கேட் கிரீனவே என்ற ஓவியரின் முதல் புத்தகத்தை எவன்ஸ் 20,000 பிரதி அச்சிட்டார். ஆறு ஷில்லிங் புத்தகத்துக்கு இவ்வளவா என்று பதிப்பாளர்கள் கேலி செய்தார்கள். மறு அச்சு வருமுன் அத்தனையும் விற்று, பிரதிகள் கூடுதல் விலைக்குக் கைமாறின. பிறகு 70,000 வரை போயிற்று. ஓவியத்தை நம்பி ஓர் அச்சுக்காரர் இந்த அளவு துணிந்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பழைய பிரதி கிடைத்தால் பூதக்கண்ணாடி வைத்து வெளிர் நிறப் பகுதியைப் பார். கோடுகள் தெரிந்தால் கட்டை அச்சு. ஒழுங்கான புள்ளிக்கூட்டம் தெரிந்தால் பிற்காலத்தில் புகைப்பட முறையில் எடுத்த நகல். பல பிரதிகளில் ஆண்டு போட்டிருக்காது, அதனால் பதிப்பகப் பெயரையும் பார்: கால்டெகாட் புத்தகத்தில் ஃபிரெடரிக் வார்ன் என்று இருந்தால் அது பிந்தைய பதிப்பு.

அன்புடன்,
அண்ணன்