வீடு பாக்கச் சொன்னியே

மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போடாததுக்கு வேலைனு சொன்னா நம்ப மாட்ட, ஆனா நெசமாவே வேலைதான், மதுரைல ஒரு மண்டபத்துக்கு ரெண்டாயிரம் ஆத்தங்குடித் தரைக் கல்லு ஆர்டர், மழை வேற விட்டு விட்டுப் பெய்யுது, காயவே மாட்டேங்குது.

ரிட்டயர் ஆயிட்ட, சந்தோஷம். இனிமே செட்டிநாட்டுப் பக்கம் ஆள் இல்லாத பழைய வீடா ஒண்ணு பாத்துக் குடு, நாலஞ்சு வருஷம் எவன் மூஞ்சிலயும் முழிக்காம வரையணும்னு எழுதிருக்க. வீட்டுக்கா இங்க பஞ்சம்? கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்னு எங்கிட்டுப் போனாலும் தெருவுக்குத் தெரு பூட்டுதான், முகப்பு ஒரு தெருவுல இருந்தா பின்கட்டு அடுத்த தெருவுல முடியும், பர்மா தேக்குத் தூணு, முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுண்ணாம்புச் செவுரு, சித்திரை வெயில்லயும் கை வச்சா ஜில்லுனு இருக்கும். கல்யாணம் காட்சினா திறப்பாங்க, மத்த நாள் எல்லாம் வாட்ச்மேனும் புறாவும்தான். வாடகைக்குக் கேட்டா பங்காளிங்க அத்தன பேரும் கையெழுத்துப் போடணும், அதுல ஒருத்தர் சிங்கப்பூர்ல இருப்பாரு ஒருத்தர் பேச்சுவார்த்தையிலயே இருக்க மாட்டாரு, அது தனிக் கத.

ஆனா நான் ஒரு தடவ இருந்து பாத்துட்டேன்டா, உன்கிட்ட சொல்லல, வெக்கமா இருந்துச்சு. அப்பா போன மறு வருஷம், தெரிஞ்ச ஆச்சி ஒருத்தவங்க மாடிய சும்மா குடுத்தாங்க, வீட்டப் பாத்துக்கிட்டா போதும்னு. ஆறு மாசம். போன் இல்ல, பேப்பர் இல்ல. என்ன வரைஞ்சேன்ங்கிற? ஒண்ணும் இல்ல. அந்த வளவுல, அதான் நடு முத்தத்துல, எத்தன புறா, எது எதோட ஜோடினு வேணா இப்பவும் சொல்லுவேன். சத்தம் இல்லாத எடம் கெடைச்சா போதும்னு நெனச்சுத்தான் போனேன், ஆனா என்னைய வேணாம்னு சொன்ன கேலரிக்காரரு, நீ, நமக்கு வரையச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு, எல்லாரும் என் கூடவே மாடி ஏறி வந்துட்டீங்க. பிரஷ்ஷ எடுத்தா பின்னாடி ஒரு கூட்டமே நின்னு பாக்குற மாதிரி இருக்கும். கடைசில வாட்ச்மேன் எப்ப டீ வாங்கிட்டு வருவாருனு வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருந்தேன்.

வரையிறது திரும்ப வந்தது இந்தப் பட்டறைலதான். நீ கல்லு ஊத்திப் பாத்ததில்லைல? ஒரு கண்ணாடிய அடில வச்சு, மேல இரும்பு பிரேம், அதுக்குள்ள கலர் சிமெண்ட்ட சின்னக் கரண்டியால ஊத்தணும், அச்சு இல்லாம கையாலயே ஊத்துற பூவும் இருக்கு, அதுதான் எனக்குப் புடிச்ச வேலை. கலர் பரவி வர்ற அந்த ரெண்டு மூணு செகண்டுல யோசிக்கவே முடியாது, கை போனது போனதுதான். அதுக்கு மேல காஞ்ச மணல் சிமெண்ட்டத் தூவி, ஈரக் கலவையப் போட்டு மட்டம் பண்ணிருவோம், பூ மூடிரும். பூ மொகம் கண்ணாடியப் பாத்துக் கெடக்கு, நாம ஊத்தும்போது பாக்கறது அதோட முதுகு. காஞ்சு, தண்ணித் தொட்டில சில நாள் ஊறி, மறுபடி காஞ்சு கண்ணாடி விடும்போதுதான் என்ன பண்ணிருக்கோம்னே தெரியும். அதுக்குள்ள அதப் பண்ணுன கோவம், பெரும எல்லாம் போயிருக்கும், யாரோ பண்ணுன கல்லு மாதிரி பாக்கலாம். இப்பல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, ஆளுங்க போனப்பறம், கலவை மூட்டைக்கு நடுவுல ஒக்காந்து பேப்பர்ல வரையிறேன். சின்னச் சின்னதுதான்.

ஓவியர் பணிக்கர் 1966ல பசங்களோட சென்னைப் பக்கம் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்பிச்சப்ப, பத்திக்னு மெழுகு வச்சுச் சாயம் போடுற துணி பண்ணி வித்த காசுல நிலம் வாங்குனாங்கனு வாத்தியார் சொன்னதுக்கு நீ "அப்ப அது கடை சார்"னு சொன்னியே ஞாபகம் இருக்கா, இப்ப நான் கடைக்காரன்.

வாத்தியார் பத்தித்தான் எழுத வந்தேன். என் படத்து முன்னாடி அர மணி நேரம் நின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லாம அதத் தூக்கி செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சுட்டு, பதினஞ்சு நாள் கழிச்சுப் பாருனு போனாரே, நீகூட சிரிச்ச. முப்பது வருஷமா அந்தக் கடுப்பு எனக்கு. போன மாசம் ஒரு பையன் வேலைக்குச் சேந்தான், பத்தொம்பது வயசு, நல்ல கை. ஒவ்வொரு கல்லுக்கும் "அண்ணே எப்படி இருக்கு"ம்பான். ஒரு நாள் ஆசைல கரண்டிய வாங்கி ஒரு இதழ் ஊத்திக் காமிச்சுட்டேன். சுகர் வந்ததுலேர்ந்து எனக்குக் கை லேசா ஆடும், இதழோட வலது ஓரத்துல ஒரு சின்ன நெளிவு விழும். அடுத்த வாரம் கண்ணாடி எடுத்தா நாப்பது கல்லுலயும் அதே நெளிவு. இருபது வயசுக் கை, அதுல என் நடுக்கம். அப்படியே தொட்டித் திண்டுல ஒக்காந்துட்டேன்டா. வாத்தியார் ஒரு நாளும் நம்ம படத்துல பிரஷ் வைக்கலைல? காரைக்குடி வீணை பிரதர்ஸ் கதைய அத்தன தடவ எதுக்குச் சொன்னாருனும் இப்பத்தான் ஒறைக்குது, அண்ணன் சுப்பராமய்யர் வீணைய நட்டமா நிறுத்தி வாசிப்பாரு, தம்பி சாம்பசிவய்யர் படுக்க வச்சு, ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தது ஒரே அப்பா.

அதனால வீடு பாக்கல. பட்டறைக்குப் பின்னாடி ஒரு ரூம் கெடக்கு, ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும். பல்லவன் ரயில்ல ஏறு, ராத்திரி காரைக்குடில நிப்பேன். பெரிய கேன்வாஸ் கொண்டு வராத, எடம் இல்ல. வந்தா அந்தப் பையனுக்கு மட்டும் எதுவும் சொல்லிக் குடுத்துறாத, கேப்பான், நல்லாக் கேப்பான், வெத்தலையப் போட்டுக்கிட்டு வாய மூடிக்க.