பாஸ்தா எவ்ளோன்னு எழுதுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ் சமையல் பக்கத்துல சுகர் உள்ளவங்களுக்கு இத்தாலியன் சிக்கன் டின்னர்னு ஒண்ணு போட்டிருந்தீங்களே, அத பத்திதான் எழுதறேன். படம் சூப்பரா இருந்துது, சிக்கன் செய்யற விதமும் ஓகே, ஆனா பாஸ்தா எவ்ளோன்னு தேடினா "தேவையான அளவு"னு போட்டிருக்கு. உப்புக்கு தேவையான அளவுன்னா புரியுது சார், பாஸ்தாவுக்கு யாரு தேவைய பாக்கறது? எங்க மாமியாருக்கு தேவையான அளவு ஒரு பேசின். அவங்களுக்கு சுகர் வந்து ரொம்ப வருஷமாச்சு, பீச் ஸ்டேஷன் பக்கம் போனா பர்மா அத்தோ நூடுல்ஸ் சாப்பிடாம திரும்ப மாட்டாங்க, அப்படிப்பட்டவங்க கையில இந்த மாதிரி அளவில்லாத ரெசிபி கிடைச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

அதுக்கு மேல ரெண்டு ஸ்பூன் மைதா போட்டு ஒயிட் சாஸ், நாலு ஸ்பூன் கெச்சப், கடைசில சாஸ் கெட்டியாக கார்ன்ஃப்ளார். சிக்கன்ல கார்போஹைட்ரேட்டே கிடையாது சார், சுகர ஏத்தறது எல்லாம் கூட வர்றதுங்கதான். கெச்சப் ஒரு டேபிள்ஸ்பூன்ல கிட்டத்தட்ட 4 கிராம் சர்க்கரை இருக்கும், மைதாவோ கார்ன்ஃப்ளாரோ ஒரு டேபிள்ஸ்பூன்னா 7 கிராம் மாவுச்சத்து. எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, பாஸ்தா இன்னும் கணக்குலயே வரல.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், சிக்கனையும் பாஸ்தாவையும் ஒரே சட்டில போட்டு கிளறாதீங்க. கிளறினா யாரு தட்டுல எவ்ளோ பாஸ்தா போச்சுன்னு யாருக்கும் தெரியாது. இத்தாலியிலயே பாஸ்தா முதல்ல தனியா வரும், சிக்கன் அதுக்கப்புறம் காயோட தனியா வரும், ரெண்டையும் ஒண்ணா கலந்து அடிக்கறது பெரும்பாலும் அமெரிக்கா பழக்கம். நம்ம வீட்லயும் சோறு தனி, குழம்பு தனிதானே.

அங்க சிக்கன் கச்சத்தோரேன்னு ஒண்ணு செய்வாங்க, தக்காளி, வெங்காயம், பூண்டு, குடமிளகாயில வெந்த சிக்கன், நம்ம அடுப்புக்கு அத விட தோதானது இல்ல. பாய் கடையில ஸ்கின் எடுத்து லெக் பீஸா முக்கா கிலோ வாங்கிட்டா நாலு பேருக்கு போதும், ப்ரெஸ்ட் பீஸ் வேணாம், இவ்ளோ நேரம் வெந்தா அது சக்கையாயிடும். உப்பு மிளகுத்தூள் தடவி அடி கனமான சட்டில ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊத்தி ரெண்டு பக்கமும் செவக்க வறுத்து எடுத்து வெச்சிடணும், அவசரப்பட்டு கரண்டிய போட்டு கிண்டாதீங்க, செவந்தா அதுவே சட்டிய விட்டு கெளம்பி வரும். ஆலிவ் ஆயில் இருந்தா ஊத்துங்க, இல்லனா கடலெண்ணெய் ஊத்துங்க, ஒண்ணும் குடிமுழுகிடாது, ஆலிவ் ஆயில்னாலும் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரிதான், ஹெல்த்தின்னு சொல்லிக்கிட்டு கொட்டக்கூடாது.

அதே சட்டில வெங்காயம், பத்து பல் பூண்டு சீவினது, குடமிளகா, காளான் கிடைச்சா அதுவும். வெங்காயத்த மட்டும் பொறுமையா வதக்கணும், அது நல்லா வதங்கினா தக்காளி புளிப்புக்கு சர்க்கரை தேவைப்படாது, நிறைய ரெசிபில ஒரு சிட்டிகை சர்க்கரைன்னு வருதே அது இங்க வேணாம். அப்புறம் அஞ்சாறு பழுத்த தக்காளிய சுடுதண்ணில போட்டு தோல உரிச்சு கையாலயே பெசஞ்சு போட்டு, ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, வறுத்த சிக்கன உள்ள வெச்சு மூடி சிம்ல அரை மணி நேரத்துக்கு மேல விடணும். கடைசி பத்து நிமிஷம் மூடிய தெறந்து வெச்சா சாஸ் தானா கெட்டியாயிடும், கார்ன்ஃப்ளாருக்கு வேலையே இல்ல. ஆரிகானோவுக்கு கடைக்கு ஓடாதீங்க, பசங்க பீட்சா வாங்கறப்ப வந்த பாக்கெட்டுங்க எல்லார் வீட்லயும் ஃப்ரிட்ஜ் கதவுல சொருகி இருக்கும், ஆனா சில பாக்கெட்ல உப்பு சேத்திருப்பான், பாத்துட்டு போடுங்க. பேசிலுக்கு பதிலா பூக்கடையில கிடைக்கற திருநீத்துப் பச்சிலைய நாலு இலை நல்லா கழுவிட்டு கிள்ளிப் போடலாம், ரெண்டும் ஒரே இனச் செடிதான், நம்மளுது வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும் அவ்ளோதான்.

இப்ப பாஸ்தாவுக்கு வர்றேன். வேகாத பாஸ்தா 100 கிராம்ல 70லருந்து 75 கிராம் கார்போஹைட்ரேட், அதனால எங்க வீட்ல சுகர் உள்ளவங்க தட்டுக்கு 40 கிராம்தான், காய்ஞ்சதாவே தராசுல வெச்சு எடுத்துடுவேன், வெந்தப்புறம் அளந்தா தண்ணி குடிச்சு எடை ரெண்டு மடங்குக்கு மேல போயிடும், கணக்கு ஒத்தே வராது. பாக்கெட் பின்னாடி துரம் வீட் செமோலினா, அதாவது துரம்ங்கற கெட்டி கோதுமை ரவைன்னு போட்டிருக்கான்னு பாருங்க, இத்தாலியில காய்ஞ்ச பாஸ்தா துரம் கோதுமையிலதான் செய்யணும்னு 1967ல சட்டமே போட்டாங்க, இங்க லூசா விக்கறது பல எடத்துல மைதா. அத கொழைய வேக வெக்கவும் கூடாது, நடுவுல லேசா கடிபடணும், துரம் பாஸ்தால க்ளூட்டன்ற கோதுமைப் புரதம் மாவ இறுக்கி பிடிச்சு வெச்சிருக்கும், அதனால மெதுவா செரிக்கும், கொழஞ்சா அந்த பிடி விட்டு சுகர் சர்ருன்னு ஏறும். மாமியார் முதல்ல "இன்னாமே இது, வேகவே இல்ல"ன்னு தட்ட தள்ளிட்டாங்க, இப்ப சாஸ் ருசிக்கு சாப்பிடறாங்க.

சாப்பிடற வரிசையும் முக்கியம் சார், உங்க கட்டுரையில அது ஒரு வரி கூட இல்ல. என் பொண்ணு லேப்ல வேலை பாக்கறா, அவ படிச்சு சொன்னது, 2015ல நியூயார்க் வீல் கார்னெல் மெடிக்கல் காலேஜ்ல சுகர் உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட ரெண்டு விதமா குடுத்து பாத்திருக்காங்க, சாப்பாடும் சிக்கன், சாலட், ப்ராக்கலி, சியபத்தான்ற இத்தாலியன் பிரட், ஆரஞ்சு ஜூஸ். பிரட்டும் ஜூஸும் முதல்ல சாப்பிட்ட நாள விட, சிக்கனும் காயும் முதல்ல சாப்பிட்டு கால் மணி நேரம் கழிச்சு பிரட் சாப்பிட்ட நாள்ல ஒரு மணி நேர சுகர் 37 பர்சன்ட் கம்மியா இருந்துச்சாம். 11 பேரு சின்ன கணக்குதான், ஒத்துக்கறேன், ஆனா செலவில்லாத வைத்தியம் செஞ்சு பாக்கறதுல என்ன நஷ்டம்? நாங்க பீன்ஸையும் பிஞ்சு சுரைக்காயையும் பூண்டு போட்டு வதக்கி முதல்ல வெச்சுடுவோம், அடுத்து சிக்கன், கடைசில பாஸ்தா. அந்த வரிசையில குடுத்தா மாமியாருக்கு முதல் வாய் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷின்ல பாத்தா 180க்குள்ள நிக்குது, உங்க ரெசிபிப்படி கலந்து குடுத்த ராத்திரி 200 தாண்டிடுச்சு.

இன்னொண்ணு, இத கட்டம் கட்டி போடணும். இன்சுலின் போடறவங்க, க்ளிமிபிரைட் மாதிரி மாத்திரை போடறவங்க, டயட்டுன்னு சொல்லி பாஸ்தா, சோறு எதுவுமே இல்லாம வெறும் சிக்கன சாப்பிட்டு படுத்தா நடுராத்திரில லோ சுகராகி வேர்த்து கொட்டும், கை நடுங்கும். அளவ கொறைக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட மாத்திரைய பத்தியும் பேசிட்டுதான் கொறைக்கணும். கிட்னி பிரச்சனை இருந்தா எவ்ளோ சிக்கன்னும் அவங்கதான் சொல்லணும்.

2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குல நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர் சார், உங்க வாசகர்ல வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. அடுத்த தடவ போடறப்ப ஒரு ஆளுக்கு எத்தன கிராம்னு எழுதுங்க, சுகர் டின்னர்னு தலைப்பு வெச்சுட்டு பக்கத்துல கார்லிக் பிரட் படம் போடாதீங்க. அப்புறம் ஓவன் இல்லாத வீட்டுக்கும் சேத்து எழுதுங்க, எங்க தெருவுல ஓவன் வெச்சிருக்கறது பேக்கரிக்காரர் மட்டும்தான்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81